பெடல் வாங்குமுன் கேபிளின் மறுமுனையைப் பாருங்கள்

ஆரையம்பதியில் இருந்து ஒரு தம்பி என்னைத் தேடி வந்தான். இரண்டு வருடமாகச் சேர்ச்சில் கிற்றார் வாசிக்கிறவன். கத்தாரில் இருக்கும் மாமா அனுப்பிய காசில் ஒரு டிஸ்டோர்ஷன் பெடல், அதாவது கிற்றார் ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி ஒன்று, வாங்கியிருந்தான். அதே பெடலை வாசித்துக் காட்டும் காணொளிகளை யூடியூபில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டுத்தான் வாங்கினானாம். ஞாயிற்றுக்கிழமை மிக்ஸரில் கொடுத்து மிதித்தால், குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி ஒரு இரைச்சல். "அண்ணா, பெடல் பழுது போல. மாத்தித் தருவாங்களா?"

வாசித்துப் பார்த்தேன். பெடலில் ஒரு பழுதும் இல்லை. அவன் பார்த்த காணொளிகளில் வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெட்டி நிற்கும். அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைக்க மாட்டார்கள், அது அங்கே இருப்பது அவர்களுக்கு அவ்வளவு சாதாரணம். அதுதான் கிற்றார் அம்ப். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நாம் வாசிக்கும் இடங்களை நினைத்துப் பாருங்கள்: சேர்ச், கோயில் திருவிழா மேடை, கலியாண மண்டபம், பாடசாலை விழா. ஒலிபெருக்கிச் செட்காரர் வருவார், மிக்ஸர் ஒன்று, பெரிய ஸ்பீக்கர் இரண்டு, மொனிட்டர் இருந்தால் அதிர்ஷ்டம். கிற்றாருக்கென்று தனியாக அம்ப் கொண்டுவருபவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். ஆகவே வெளிநாட்டுக்காரர் சொல்லும் பெடல் ஆலோசனைகளில் பாதி நமக்குப் பொருந்தாது. அவர்கள் கிற்றாரில் தொடங்கி அம்ப் வரை யோசிக்கிறார்கள். நாம் மிக்ஸரில் தொடங்கிக் கிற்றார் வரை பின்னோக்கி யோசிக்க வேண்டும்.

குளவிச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். டிஸ்டோர்ஷன் பெடல் கிற்றார் ஒலியின் மேடுகளை வெட்டித் தட்டையாக்குகிறது. அப்படி வெட்டும்போது மூல ஒலியில் இல்லாத மேல்சுருதிகள் ஏராளமாகப் பிறக்கின்றன. கிற்றார் அம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே சட்டென்று தளர்ந்துவிடும். தேத்தண்ணி வடியில் சாயம் இறங்கித் தூள் தங்குவதுபோல, கரகரப்பு அங்கேயே தங்கிவிடும். செட்காரரின் ஸ்பீக்கரில் இருப்பதோ பேச்சும் பாட்டும் தெளிவாகக் கேட்பதற்கான ஹோர்ன். 15,000 ஹேர்ட்ஸ் வரைக்கும் ஒன்றையும் விடாமல் வீசும். வடி இல்லாத தேத்தண்ணி, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து 'கெபினட் சிமுலேஷன்'. கிற்றார் ஸ்பீக்கர் எப்படி ஒலியை வடிக்குமோ அதே வேலையை மின்சுற்றிலோ மென்பொருளிலோ செய்துவிடுவது. பல பெடல்களின் வேலையை ஒரே பெட்டியில் செய்யும் மல்டி எஃபெக்ட் பெட்டிகள் இப்போது வருகின்றன, அநேகமாக எல்லாவற்றிலும் இது உண்டு. தனிப் பெடலாகவும் கிடைக்கும். தம்பியின் டிஸ்டோர்ஷனுக்குப் பின்னால் என் பழைய மல்டி எஃபெக்டை வைத்து, அதில் கெபினட்டை மட்டும் போட்டுக் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது. மிக்ஸரில் மேல்ஒலிக் குமிழை முழுவதும் குறைத்தால் போதாதா என்று கேட்டான். கொஞ்சம் உதவும். ஆனால் போர்வைக்குள் இருந்து வாசிப்பதுபோல் கேட்கும். குமிழ் எல்லாவற்றையும் சரிவாகக் குறைக்கிறது, ஸ்பீக்கரோ ஒரு எல்லைக்கு மேலேதான் வெட்டுகிறது.

பாடும் மீனும் பெடலும்

இரண்டாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. டிஸ்டோர்ஷன் எதுவும் இல்லாமல், எலக்ட்ரிக் கிற்றாரை நேரே மிக்ஸரில் கொடுத்தாலும் ஒலி செத்துப்போய் வரும். வீட்டில் சின்ன அம்பில் மினுங்கிய அதே கிற்றார் மேடையில் மந்தமாகிவிடும். பலர் கிற்றாரைக் குறை சொல்வார்கள், சிலர் பாவம், பிக்கப்பையே மாற்றிவிடுவார்கள்.

மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில், நீருக்குள் இருந்து வரும் பாடும் மீனின் சத்தம் கேட்கப் போனவர்களுக்கு இது எளிதாக விளங்கும். பாலத்தில் நின்று காதைக் கொடுத்தால் ஒன்றும் கேட்காது. தோணியில் போய், துடுப்பை நீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதோடு ஒட்டிவைத்தால் கேட்கும் என்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. நீரின் ஒலித்தடை காற்றினதைவிட ஏறத்தாழ 3,600 மடங்கு. அதனால் நீருக்குள் பிறக்கும் சத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்களவுதான் மேலே தப்பி வரும், மிச்சம் திரும்பவும் வாவிக்குள்ளேயே போய்விடும். துடுப்பு அந்த எல்லையைத் தாண்டி நேரே தலைக்குக் கடத்துகிறது.

கிற்றாருக்கும் மிக்ஸருக்கும் இடையில் நடப்பதும் இந்த மாதிரி ஒரு பொருத்தமின்மைதான். கணக்கு வேறு, சங்கதி ஒன்று. கிற்றாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பி. அது தருவது மிக மெலிந்த சைகை. அதை வாங்குபவர் அதிகம் இழுக்காமல் மெதுவாக வாங்க வேண்டும். கிற்றார் அம்பின் உள்ளீட்டுத் தடை அதனால்தான் 10 லட்சம் ஓம் அளவில் இருக்கிறது. மிக்ஸரின் லைன் உள்ளீடோ 10,000 முதல் 20,000 ஓம் வரை, மைக் உள்ளீடு இன்னும் எவ்வளவோ குறைவு. அது பிக்கப்பை இழுத்துப் பிடிக்கும்போது முதலில் போவது மேல்சுருதி, அந்த மினுக்கம்.

இங்கே துடுப்பு என்பது 'பஃபர்'. பெரிய தடையோடு வாங்கி, பலமாகத் திருப்பிக் கொடுக்கும் ஒரு சின்ன மின்சுற்று. பொஸ் பெடல்களில் இது உள்ளேயே இருக்கிறது, பெடல் நிறுத்தியிருந்தாலும் வேலை செய்யும். கிற்றாரின் சைகையை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றிக் கொடுக்கும் டி.ஐ. பொக்ஸ் என்ற சின்னப் பெட்டி செய்யும் வேலைகளில் ஒன்றும் இதுதான். சில மிக்ஸர்களில் கிற்றாருக்கென்று 'ஹை இசட்' பொத்தான் இருக்கும், செட்காரரிடம் கேட்டுப் பாருங்கள். 'ட்ரூ பைபாஸ்' என்று பெருமையாக எழுதியிருக்கும் பெடல்கள் நிறுத்தியவுடன் வெறும் கம்பியாகிவிடும். ஒன்று இரண்டு என்றால் நல்லது. ஆறு பெடலும் ட்ரூ பைபாஸ், இரண்டு பக்கமும் நீளமான கேபிள் என்றால் நிலைமை வேறு. கேபிள் மீற்றருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபரட் கொள்ளளவு சேர்க்கும், அதுவும் மேல்சுருதியைத்தான் தின்னும். 'ட்ரூ பைபாஸ்' என்பது தர முத்திரை என்று நம்பிக் கூடுதல் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருவன்.

பிக்கப்பும் ப்ரீஅம்பும் பொருத்திய அகூஸ்டிக் கிற்றார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி கிடையாது. உள்ளே 9 வோல்ட் பற்றரியில் ஓடும் அந்த ப்ரீஅம்ப்தான் அவர்களுடைய துடுப்பு.

எது முதலில்

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், நம் பக்கத்தில் முதல் பெடல் தனி டிஸ்டோர்ஷனாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. கெபினட் சிமுலேஷன் உள்ள ஒரு சின்ன மல்டி எஃபெக்டை முதலில் வாங்குங்கள். சூம் ஜி1 ஃபோர், 2016இல் வந்த பொஸ் ஜிடி-1 போன்றவை நான்கு ஏஏ பற்றரியில் ஓடும், ஹெட்போனில் வாசிக்கலாம், ட்யூனர் உள்ளே இருக்கிறது, வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பரும் உண்டு. கரண்ட் போன இரவிலும் பயிற்சி நிற்காது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது இந்த வசதியின் அருமை எனக்கு நன்றாக விளங்கியது.

மல்டி எஃபெக்டை இளக்காரமாகப் பார்க்கும் ஆக்கள் இருக்கிறார்கள். தனிப் பெடலின் குமிழைக் குனிந்து திருகும் சுகம் அதில் இல்லை என்பது உண்மைதான், மெனுவுக்குள் மெனு தேடும்போது பாட்டே முடிந்துவிடும். ஆனால் ஆறு மாதம் அதை வைத்து வாசித்தால் உங்களுக்கு உண்மையில் எது வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு கிற்றாரைப் பல கிற்றார்போல் கேட்கவைக்கும் கோரஸ் எட்டு வகை, எதிரொலி தரும் டிலே பத்து வகை என்று இருக்கும். நீங்கள் திரும்பத் திரும்ப எதை மிதிக்கிறீர்களோ அதைத்தான் பிறகு தனிப் பெடலாக வாங்க வேண்டும். மற்றதெல்லாம் ஆசை.

டிஸ்டோர்ஷன் பெடலின் பிறப்பே ஒரு மிக்ஸர் பழுதில்தான் என்பது வேடிக்கை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு பாட்டுப் பதிவின்போது மிக்ஸரின் ஒரு வழியில் ட்ரான்ஸ்போமர் பழுதாகி, பேஸ் கிற்றாரின் ஒலி கிழிந்து வந்தது. அதைத் தூக்கி எறியாமல் பாட்டிலேயே விட்டார்கள். அங்கே ஒலிப்பதிவாளராக இருந்த கிளென் ஸ்னொடி அந்தக் கிழிசலை வேண்டுமென்றே செய்யும் ஒரு சுற்றை உருவாக்கினார். 1962இல் அது மேஸ்ட்ரோ எஃப்.இசட்-1 என்ற பெயரில் பெடலாக விற்பனைக்கு வந்தது. 1970களின் பிற்பாதியில் ஜப்பானியர் இந்தத் துறைக்குள் பெரிதாக இறங்கினார்கள். பொஸ்ஸின் ஒரேஞ் நிற டிஎஸ்-1 1978இல் வந்தது, இன்றைக்கும் விற்கிறது. ஐபனீஸின் பச்சை நிற ட்யூப் ஸ்க்ரீமரும் அந்தப் பத்தாண்டின் கடைசியில் வந்ததுதான்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு நேரடியாக உதவும். டிஎஸ்-1 சைகையை டயோட்டுகளால் கடுமையாக வெட்டும். ட்யூப் ஸ்க்ரீமர் மெதுவாக வளைத்து வெட்டும், கூடவே கீழ் ஒலியைக் குறைத்து, 700 ஹேர்ட்ஸைச் சுற்றிய நடு ஒலியை முன்னால் தள்ளும். தனியாக வீட்டில் கேட்டால் மூக்கால் பாடுவதுபோல் இருக்கும். மேடையில் கதை மாறும். நம் ஊர் பாண்டுகளில் கீபோட்தான் ராசா. வயலின், புல்லாங்குழல், பேஸ், பிராஸ் எல்லாமே அதில் இருந்துதான் வரும். கீழே பேஸும் ட்ரம்மும், மேலே கீபோட்டும் சிம்பலும் இடத்தைப் பிடித்துவிட்டால் கிற்றாருக்கு மிஞ்சுவது நடு ஒலி மட்டும். அதையும் குறைத்து, கீழையும் மேலையும் ஏற்றி வைக்கும் பையன்கள் அறைக்குள் சிங்கம், மேடையில் காணாமல் போவார்கள்.

அறையில் அப்படி வைக்கத் தோன்றுவதற்குக் காதுதான் காரணம். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குக் கீழ் ஒலியும் மேல் ஒலியும் மங்கலாகத்தான் கேட்கும். பிளெச்சர், மன்சன் என்ற இருவர் 1933இல் பெல் ஆய்வுகூடத்தில் இருந்து இதை அளந்து வெளியிட்டார்கள். இரவில் மெதுவாக வாசித்து இனிமையாக வைத்த செட்டிங் மறுநாள் மேடையில் குமுகுமுவென்று இரைந்து காதைக் குத்துவது அதனால்தான். ஆகவே செட்டிங்கை மேடைச் சத்தத்தில் ஒருமுறையாவது வைத்துப் பாருங்கள். செட் பூட்டி முடிந்து, தேத்தண்ணி வரும் அந்தப் பத்து நிமிடம் போதும்.

பெடல்களின் வரிசை பற்றி நிறையச் சண்டை உண்டு. வழக்கமான ஒழுங்கு இப்படி: ட்யூனர், 'வாவா' என்று ஒலியைத் திறந்து மூடும் வா அல்லது ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரசர், ஓவர்டிரைவோ (மெல்லிய டிஸ்டோர்ஷன்) டிஸ்டோர்ஷனோ, பிறகு கோரஸ் வகை, பிறகு டிலே, கடைசியில் பெரிய மண்டபத்தின் அதிர்வைச் சேர்க்கும் ரிவெர்ப். டிலேக்குப் பின்னால் டிஸ்டோர்ஷனை வைத்தால் எதிரொலிகள் எல்லாம் மூல ஒலியோடு சேர்ந்து ஒன்றாகக் கிழியும், சேறுபோல் ஆகும். முன்னால் வைத்தால் கிழிந்த ஒலி சுத்தமாக எதிரொலிக்கும். ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்கிறேன். பழைய ஃபஸ் ஃபேஸ் வகை டிஸ்டோர்ஷன் பெடல்கள் கிற்றாருக்கு நேர் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்னால் பஃபர் வைத்தால் முரடாகக் கத்தும்.

டிலேயும் ரிவெர்ப்பும் நம் மண்டபங்களில் அளவோடு வேண்டும். சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும் உள்ள மண்டபம் தானே ஒரு ரிவெர்ப் பெடல். மட்டக்களப்புப் பறங்கியரின் கலியாணங்களில் வாசிக்கும் கஃப்ரிஞ்ஞா ஆட்டம் போன்ற 6/8 தாளத்தில் டிலே இன்னும் கவனம் கேட்கும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடி 500 மில்லிசெக்கன்ட், அதற்குள் மூன்று உள்ளடிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 167. டிலேயை 167இலோ 333இலோ 500இலோ வைத்தால் எதிரொலி தாளத்தில் விழும். கண்ணை மூடிக்கொண்டு 400இல் வைத்தால் இரண்டுக்கும் நடுவில் விழுந்து ஆடுபவரின் காலை இடறும். 'டப்' பொத்தான் இருந்தால் காலால் தாளம் தட்டியே இதைச் சரிசெய்யலாம். அருகம்பேயில் மே முதல் செப்டெம்பர் வரை வெளிநாட்டார் கூட்டம் இருக்கும்போது அங்கே வாசிப்பவர்களுக்கு வேறு தேவை. திறந்த வெளி, கடல் காற்று, சுவர் கிடையாது. அங்கே ரிவெர்ப் கொஞ்சம் தாராளமாகப் போடலாம்.

கரண்ட் விஷயம்

அதிகமான பெடல்கள் சாவது மழையிலோ மேடையிலோ இல்லை, பிழையான அடப்டரில்.

பெரும்பாலான பெடல்களுக்குப் பொதுவான வழக்கம்: 9 வோல்ட் டி.சி., பிளக்கின் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். அடப்டரிலும் பெடலிலும் சின்னப் படம் ஒன்று இருக்கும். நடுப் புள்ளியில் இருந்து போகும் கோடு கழித்தல் குறியில் முடிய வேண்டும். வீட்டில் கிடக்கும் ரூட்டர் அடப்டர்கள் அநேகம் 12 வோல்ட், நடுவில் பிளஸ். பிளக்கின் அளவு மட்டும் அதே 5.5 மில்லிமீற்றர், உள்துளை 2.1. கச்சிதமாகப் பொருந்தும், அதுதான் வினை. என் முதல் டிலே பெடலை இப்படித்தான் கொன்றேன். அடப்டரை மறந்துவிட்டுப் போன ஒரு கலியாண வீட்டில், மாப்பிள்ளை வீட்டு ரூட்டரில் கழற்றியதைப் பூட்டினேன். சின்னதாக ஒரு 'டிக்', மறுகா நகம் கருகின மாதிரி ஒரு மணம். அன்றிரவு டிலே இல்லாமலே வாசித்தேன், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு கதை. ரேடியோ திருத்தும் ஐயா ஒருவரிடம் கொண்டு போனேன். "மனே, இந்த டயோட் தன்னைக் குடுத்து மத்ததெல்லாத்தையும் காப்பாத்திப் போட்டுது" என்று சிரித்துவிட்டு, சில ரூபாப் பெறுமதியான ஒன்றை மாற்றித் தந்தார். பல பெடல்களில் தலைகீழ் மின்சாரத்துக்கு எதிராக இப்படி ஒரு டயோட் காவல் நிற்கும். எல்லாவற்றிலும் இல்லை.

வோல்ட்டுக்கும் மில்லிஅம்பியருக்கும் உள்ள வித்தியாசம் பலருக்குக் குழப்பம். வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். தாங்கி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பைப்பைத் திறந்த அளவுதான் தண்ணீர் வரும். அதுபோல 500 மில்லிஅம்பியர் அடப்டர் ஒரு சின்ன ஓவர்டிரைவுக்குள் 500ஐயும் திணிக்காது, அது தனக்குத் தேவையான சில மில்லிஅம்பியரை மட்டும் எடுக்கும். ஆனால் தாங்கியை அளவுக்கு மேல் உயரத்தில் வைத்தால் பைப் தெறிக்கும், அதுதான் வோல்ட். ஆகவே மில்லிஅம்பியர் கூடலாம், குறையக் கூடாது. வோல்ட் எழுதியிருப்பதற்கு ஒத்திருக்க வேண்டும். டிஜிட்டல் பெடல்கள் 100 முதல் 300 மில்லிஅம்பியர் வரை கேட்கக்கூடும், கூட்டிப் பார்த்து வாங்குங்கள்.

வெளிநாட்டில் இருந்து உறவினர் கொண்டுவரும் பெடலில் இன்னொரு பொறி இருக்கிறது. சுவிஸ், லண்டன், கத்தார் என்றால் அங்கேயும் நம்மைப்போல 230 வோல்ட்டை ஒட்டியதுதான், பிளக்கின் வடிவம் மட்டும் வேறு. கனடாவிலோ 120, ஜப்பானில் 100. அங்கே வாங்கிய அடப்டரில் உள்ளீடு 100 அல்லது 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால், அதை இங்கே சுவரில் குத்தினால் அடப்டர் கருகும், சில வேளை பெடலும் கூடவே போகும். 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் பயம் இல்லை. சித்தப்பாவிடம் அடப்டரைக் கொண்டுவர வேண்டாம், பெடலை மட்டும் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடுவது லேசு. 9 வோல்ட் அடப்டரை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

பல பெடல்களை ஒரே அடப்டரில் இருந்து சங்கிலியாக ஓட்டும் வயர் மலிவு. அனலொக் பெடல்களோடு மட்டும் என்றால் நன்றாகவே ஓடும். அதில் ஒரு டிஜிட்டல் பெடல் சேர்ந்தால் கீச்சென்று ஒரு மெல்லிய ஒலி தொற்றிக்கொள்ளும். அதற்குத்தான் ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை. மலிவான பெட்டிகள் சிலவற்றில் 'பிரிக்கப்பட்டது' என்று எழுதியிருக்கும், உள்ளே எல்லா மைனஸும் ஒன்றாகவே இருக்கும். பெடல் ஒன்றும் பூட்டாமல் இரண்டு வாய்களின் மைனஸ் முனைகளை மல்டிமீற்றரால் தொட்டுப் பாருங்கள். பீப் சத்தம் வந்தால் எழுத்து பொய்.

அடுத்தது இரைச்சல். 'ம்ம்ம்' என்று அடியில் ஓடும் ஒலி நம் நாட்டில் 50 அல்லது 100 ஹேர்ட்ஸ், மின்சாரத்தின் சொந்தச் சுருதி. சிங்கிள் கொயில் பிக்கப் இருந்தால் ட்யூப் லைட்டில் இருந்தும் பிடிக்கும், கிற்றாரோடு உடம்பைக் கொஞ்சம் திருப்பினால் குறையும். திருப்பியும் குறையாவிட்டால் எர்த் சிக்கலாக இருக்கலாம். அதைச் சரிசெய்ய எர்த் பின்னை எடுத்துவிடுவது நம் ஆக்களின் கைமருந்து. மூன்று துளைச் சோக்கட்டின் மேல் துளையில் பேனா மூடியைச் செருகி, இரண்டு பின் பிளக்கைத் தள்ளி ஓட்டுவதும் அதே பழக்கம்தான். இரைச்சல் நிற்கலாம், ஆனால் உயிருக்கே ஆபத்து. கிற்றார்க் கம்பிகள் மிக்ஸரின் எர்த்தோடு தொடுத்திருக்கின்றன, மைக்கும் அப்படியே. இரண்டும் வேறு வேறு பெட்டிகளில் இருந்து வந்து, ஒன்றில் எர்த் இல்லாவிட்டால், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது மின்சாரம் பாயும் வழியாக நடுவில் இருப்பது நீங்கள். வீட்டில் 30 மில்லிஅம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் காக்கும். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையில் அது இருக்குமா என்று செட்காரரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். பாடுமுன் டெஸ்டரை மைக்கின் வலையில் வைத்துப் பார்ப்பது வெட்கப்படும் காரியமே இல்லை. இரைச்சலை நிறுத்துவதற்கு டி.ஐ. பொக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் இருக்கிறது. அது சைகை வயரின் எர்த்தை மட்டும் துண்டிக்கும், பிளக்கின் எர்த்தைத் தொடாது.

வாங்குவதும் வைத்திருப்பதும்

மட்டக்களப்பு வரைக்கும் ரயில் பாதை இருக்கிறது. கொழும்புக்குக் கிற்றாரையும் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் வாசித்துப் பார்த்து வாங்கலாம். கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்றுக்காரருக்கு அந்த ரயிலும் இல்லை, இரவு பஸ்தான். யாழின் நரம்புக் கணக்கை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவில் இருந்து ஒருவர் ஒரு கிற்றார்ப் பெடலைத் தொட்டுப் பார்க்க ஓர் இரவு முழுக்கப் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால் பலர் ஒன்லைனில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். 2022 மார்ச்சுக்கு முன் டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது, மே மாதத்தில் 360ஐ எட்டியது. 100 டொலர்ப் பெடல் 20,000இல் இருந்து 36,000 ஆனது, தபாலும் வரியும் சேர்க்காமல். அதற்குப் பிறகு பழைய பெடல்களைப் பார்க்கும் கண் எல்லோருக்கும் மாறிவிட்டது.

பழையது வாங்கும்போது உங்கள் கிற்றாரையும் கேபிளையும் கொண்டு போங்கள். முதலில் பெடலை நிறுத்திய நிலையில் வாசியுங்கள். அப்போதே ஒலி மங்கினாலோ கரகரத்தாலோ ஜக்கோ சுவிட்சோ தேய்ந்திருக்கிறது. இரண்டும் மாற்றக்கூடியவை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். குமிழ்களை மெதுவாக முழுவதும் திருப்புங்கள். பற்றரி மூடியைத் திறந்து உள்ளே பச்சைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள், பற்றரி ஒழுகிய அடையாளம் அது. பழைய பொஸ் பெடலில் 'ஏசிஏ' என்று எழுதியிருந்து, சாதாரண 9 வோல்ட் அடப்டரில் விளக்கு மங்கலாக எரிந்தால் பெடல் பழுதென்று விட்டுவிட வேண்டாம். அந்தக் காலத்து ஏசிஏ அடப்டர் தந்தது ஏறத்தாழ 12 வோல்ட், சுற்று அதற்காகச் செய்தது. விற்பவருக்கு இது தெரியாவிட்டால் உங்களுக்கு நல்ல காலம்.

ஜோயோ, டொனர், பெரிங்கர் போன்ற மலிவான பெயர்களில் வருபவற்றில் பல, 1970கள், 80களின் பிரபலமான சுற்றுகளைத் தழுவியவை. ஒலியில் வித்தியாசம் சொல்லக் கஷ்டம். வித்தியாசம் பெட்டியிலும் சுவிட்சிலும் இருக்கும். வீட்டுக்கு எதுவும் போதும், வாரத்துக்கு இரண்டு மேடை ஏறுபவர் உலோகப் பெட்டியில் வருவதை வாங்குங்கள், அதைத்தான் மிதிக்கப் போகிறீர்கள்.

மற்றது உப்புக் காற்று. வாவியும் கடலும் இரண்டு பக்கமும் இருக்கும் ஊரில் ஜக்கின் நிக்கல் பூச்சு ஒரு மாரி தாங்காது. நவம்பரில் மழை பிடித்தால் தை வரை பெடல்களை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்கிறேன். பைகள் ஈரம் குடித்துவிட்டால் வேறு பைகளை மாற்றிப் போட வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஜக்குக்குள்ளும் பிளக்கைப் பத்துத் தடவை போட்டு எடுத்தால் படிவு உரசிப் போகும், கொன்டக்ட் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. பற்றரியில் ஓடும் பெடலின் உள்ளீட்டுக் கேபிளை வாசித்து முடிந்ததும் கழற்றிவிடுங்கள். அந்த ஜக்தான் பற்றரியின் சுவிட்ச். பெடல் நிறுத்தியிருந்தாலும் கேபிள் செருகியிருக்கும் வரை பற்றரி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆரையம்பதித் தம்பி இந்த ஒன்றை மட்டும் இன்னும் மறந்துகொண்டே இருக்கிறான். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டுவது அநேகமாக அவன்தான், 9 வோல்ட் பற்றரி ஒன்று கடன் கேட்டு.